சுவர் எவ்வளவு வலுவாக இருந்தால் வெடிப்பைத் தாங்கும்?

மாத்தூரிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: "2020-ல் லெபனானின் பெய்ரூட் துறைமுகத்தில் நடந்த வெடிப்புக்குப் பிறகுதான் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில், மணலியில், அதே அம்மோனியம் நைட்ரேட் ஆண்டுக்கணக்கில் கிடந்தது தெரியவந்தது. உலகத்திலேயே வலுவான பொருளால் சுவர் கட்டினால் அப்படியொரு வெடிப்பைத் தாங்குமா? தரமணியில் இதற்கென ஆராய்ச்சி நடக்கிறதாமே, அங்கே என்னதான் செய்கிறார்கள்? என் மகள் சிவில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள், அவளுக்கும் இதைத் தெரிந்துகொள்ள ஆசை."

கட்டடங்கள் வெடிப்பில் எப்படி நடந்துகொள்கின்றன என்பதைப் பார்ப்பதிலேயே என் வேலைக்காலத்தின் பெரும்பகுதி போனது. அந்த அனுபவத்தில் ஒன்றை முதலிலேயே சொல்கிறேன். "எது மிக வலுவான பொருள்" என்று தேடினால் தவறான கடைக்குப் போய் நிற்போம். வெடிப்பிலிருந்து உயிரைக் காப்பது முதலில் தூரம். அடுத்தது, உடையாமல் வளையும் குணம். வலிமை அதற்கும் பிறகுதான்.

தீபாவளியிலிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும். பட்டாசு வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டரில் சத்தம் 145 டெசிபல் உச்சத்தைத் தாண்டக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அதை அழுத்தமாக மாற்றிக் கணக்கிட்டால் சுமார் 350 பாஸ்கல் வரும். ஒரு சதுர மீட்டர் கண்ணாடியில் ஏறக்குறைய 36 கிலோ எடையைக் கண்ணிமைக்கும் நேரத்துக்கும் குறைவாக வைத்து எடுத்த மாதிரி. தெருவில் ஆட்டம் பாம் வெடித்ததும் ஜன்னல் 'கிர்ர்' என்று அதிர்வது இதனால்தான். இதைப் போல மூன்று நான்கு மடங்கு, அதாவது 1 முதல் 1.5 கிலோபாஸ்கல் வந்துவிட்டால், பலவீனமான பெரிய ஜன்னல் கண்ணாடிகள் உடையத் தொடங்கும். 35 கிலோபாஸ்கலில் செவிப்பறை கிழியலாம். 50 கிலோபாஸ்கல் அளவில் கம்பி இல்லாத செங்கல் சுவர் சாய்ந்துவிடும்.

இந்த 50 கிலோபாஸ்கலை எடையாக நினைத்துப் பாருங்கள். சதுர மீட்டருக்கு 5 டன். பத்துக்குப் பத்து அறையின் ஒரு சுவரில் 45 டன். நம் வீட்டுத் தளங்களை ஆள், கட்டில், பீரோவுக்காகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ என்று வைத்துத்தான் வடிவமைக்கிறோம். சுவருக்கு அந்தக் கணக்கும் கிடையாது. பக்கவாட்டில் காற்று தள்ளுவதைத் தாங்கினால் போதும் என்று விட்டுவிடுகிறோம்.

இதில் நமக்குச் சாதகமான ஒரு விஷயமும் உண்டு. அந்த 45 டன் அங்கேயே நிற்பதில்லை. சில மில்லிசெகண்டுகளில், மிகப் பெரிய வெடிப்பானால் நூறு மில்லிசெகண்டை ஒட்டிய நேரத்தில், வந்து போய்விடும். ஊஞ்சலைக் கையால் பளீரென்று தட்டினால் கை எரியும், ஊஞ்சல் கொஞ்சம்தான் நகரும். அதே விசையை அரை விநாடி வைத்துத் தள்ளினால் ஊஞ்சல் உயரப் போகும். கட்டடமும் அப்படித்தான். அழுத்தம் எவ்வளவு என்பது பாதி விவரம், எவ்வளவு நேரம் என்பது மறுபாதி. இரண்டையும் சேர்த்த மொத்தத் தள்ளலைத்தான் நாங்கள் கணக்கிடுவோம். கனமான சுவருக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. அது நகரத் தொடங்குவதற்குள் அலை கடந்து போயிருக்கும்.

அலை சுவரில் மோதும்போது இன்னொன்று நடக்கிறது. காசிமேட்டுக் கல்லணையில் அலை மோதி மேலே எழும்புவதைப் பார்த்திருப்பீர்கள். திறந்த கடலில் இருந்த உயரம் அல்ல அது. வெடிப்பலையும் சுவரில் பட்டுத் திரும்பும்போது அழுத்தம் குறைந்தது இரண்டு மடங்காகும். வலுவான அலையானால் எட்டு மடங்கு வரை போகும், மிக அருகில் அதையும் தாண்டும். தள்ளல் முடிந்ததும் பின்னாலேயே ஓர் உறிஞ்சலும் வரும். சில இடங்களில் கண்ணாடி வீட்டுக்குள் விழாமல் தெருவில் கிடப்பது இந்த உறிஞ்சலால்.

இப்போது மணலிக்கு வருவோம். 2015-ல் சுங்கத்துறை பறிமுதல் செய்த சுமார் 700 டன் சரக்கு 37 கன்டெய்னர்களில் அங்கே இருந்தது. 2020 ஆகஸ்டில் பெய்ரூட் செய்தி வந்த சில நாட்களில் ஏலதாரர் மூலம் ஐதராபாத்துக்கு அனுப்பினார்கள். பெய்ரூட்டில் இருந்தது 2,750 டன். நம்மிடம் இருந்தது அதில் நாலில் ஒரு பங்குதானே என்று அப்போது பலர் ஆறுதல் சொன்னார்கள். அந்த ஆறுதலை என்னால் ஏற்க முடியவில்லை.

முதல் உலகப் போர்க் காலத்தில் பெர்ட்ரம் ஹாப்கின்சன் என்ற ஆங்கிலேயரும், பின்னர் 1926-ல் கார்ல் கிரான்ஸ் என்ற ஜெர்மானியரும் தனித்தனியே கண்டு சொன்ன விதி ஒன்று இருக்கிறது. வெடிப்பின் எட்டும் தூரம் சரக்கின் அளவோடு நேராக வளர்வதில்லை, அதன் கனமூலத்தோடு வளர்கிறது. சரக்கு எட்டு மடங்கானால்தான் அதே சேதம் இரட்டிப்புத் தூரத்தில் நிகழும். கேட்க இதமாக இருக்கிறது, ஆனால் திருப்பிப் போட்டுப் பாருங்கள். சரக்கு நாலில் ஒன்றாகக் குறைந்தாலும், தூரம் நாலில் ஒன்றாகக் குறையாது, 63 சதவீதத்தில் நின்றுவிடும். இரண்டும் ஒரே மாதிரி வெடிக்கும் என்று கொண்டால், பெய்ரூட்டில் ஒரு கிலோமீட்டரில் நேர்ந்தது இங்கே 630 மீட்டரில் நேர்ந்திருக்கும். மணலியைச் சுற்றி 630 மீட்டருக்குள் எத்தனை வீடுகள் என்று உங்களுக்கே தெரியும். இங்கே பொருளின் வலிமை எடுபடாது. சரக்கைப் பிரித்து வைப்பது, குடியிருப்பிலிருந்து தள்ளி வைப்பது, இவை மட்டுமே எடுபடும். சிவகாசிப் பக்கம் பட்டாசு ஆலைகளில் சின்னச் சின்ன அறைகளை இடைவெளி விட்டுக் கட்ட வேண்டும், ஓர் அறையில் விரல்விட்டு எண்ணக்கூடியவர்களே இருக்க வேண்டும் என்ற விதிகளின் பின்னால் இருப்பதும் இதே கணக்கு. விதி மீறிய ஆலைகளில் என்ன நடக்கிறது என்பதை ஆண்டுதோறும் படிக்கிறோம். படிக்கும் ஒவ்வொரு முறையும் எனக்கு வயிறு எரிகிறது.

தூரத்தை எவ்வளவு கூட்டினாலும் போதாத இடங்களில்தான் பொருள் உள்ளே வருகிறது. நான் பார்த்த முதல் சோதனையைச் சொல்கிறேன். ஊருக்கு வெளியே ஒரு திடலில் இரண்டு கான்கிரீட் பலகைகள். ஒன்று மிக உயர்ந்த அமுக்கு வலிமை கொண்டது, கம்பி குறைவு. மற்றது நம் அடுக்குமாடிகளில் போடும் சாதாரண எம்-30 வகை, ஆனால் கம்பி நெருக்கம். ஒரே சரக்கு, ஒரே தூரம். புகை அடங்கிப் போய்ப் பார்த்தபோது வலுவான பலகை நான்கைந்து பெரிய துண்டுகளாகக் கிடந்தது. சாதாரணப் பலகை நடுவில் பத்து சென்டிமீட்டர் தொய்ந்து, உடம்பெல்லாம் விரிசலோடு, தன் இடத்திலேயே நின்றது. அதன் பின்னால் ஒரு மனிதர் இருந்திருந்தால் நடந்து வெளியே வந்திருப்பார். அன்று வரை வலிமை என்றால் எனக்கு கியூப் எனப்படும் கான்கிரீட் சோதனைக் கட்டியை உடைக்கும் இயந்திரத்தில் வரும் எண்தான். அதன் பிறகு அந்த எண்ணை மட்டும் வைத்து எதையும் நான் மதிப்பிட்டதில்லை.

காரணம் ஆற்றல் கணக்கு. வெடிப்பு கொண்டுவரும் ஆற்றலைச் சுவர் எங்காவது செலவழித்தாக வேண்டும். உடையாமல் எவ்வளவு தூரம் வளைகிறதோ அவ்வளவு செலவாகும். வலிமை அதிகம், வளைவு கொஞ்சம் என்றால் செலவழிக்கும் முன்பே முறிந்துவிடும். முறிந்த துண்டுகள் வெடிப்பின் மிச்ச ஆற்றலைச் சுமந்துகொண்டு உள்ளே இருப்பவர்மேல் பாயும்.

கான்கிரீட்டுக்கு இன்னொரு பலவீனமும் உண்டு. வடசென்னைக்காரரிடம் இதைக் கேரம் போர்டை வைத்தே சொல்லிவிடலாம். ஐந்தாறு காய்களை ஒட்டி வரிசையாக வைத்து ஒரு முனையில் ஸ்டிரைக்கரால் அடித்தால், நடுவில் உள்ளவை அசையாது, கடைசிக் காய்தான் பறக்கும். மிக அருகில் வெடிக்கும்போது கான்கிரீட்டிலும் இதுவே நடக்கும். அடி வாங்கும் முகத்திலிருந்து அமுக்க அலை உள்ளே ஓடி, பின்புற முகத்தைத் தொட்டதும் இழுவை அலையாகத் திரும்புகிறது. கான்கிரீட்டின் இழுவை வலிமை அதன் அமுக்கு வலிமையில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அதனால் வெடிப்பு வெளியே இருந்தாலும் சுவரின் உட்புறம் பெயர்ந்து, வேகமாக அறைக்குள் விழும். சுவர் நிற்கும், உள்ளே இருப்பவர் காயப்படுவார்.

இன்னொரு சிக்கல், பொருட்களின் குணம் வேகத்தைப் பொறுத்து மாறுவது. ஜவ்வு மிட்டாயை மெல்ல இழுத்தால் ஒரு முழம் நீளும், வெடுக்கென்று இழுத்தால் பட்டென்று அறுந்துவிடும். கான்கிரீட் இதற்கு ஒரு வகையில் எதிர். வேகமாக அடித்தால் அதன் அமுக்கு வலிமை இரண்டு மடங்கையும் தாண்டலாம், இழுவை வலிமை அதைவிட அதிகமாக ஏறலாம். மெதுவாக உடையும்போது விரிசலுக்கு வழி தேட நேரம் இருக்கிறது, ஜல்லியைச் சுற்றிக்கொண்டு சிமென்ட் வழியாகப் போகும். மில்லிசெகண்டில் அடிக்கும்போது நேரமில்லை, ஜல்லியையே பிளந்துகொண்டு போக வேண்டியிருக்கிறது. கம்பியும் கொஞ்சம் வலுக்கும். இதை அளக்க ஆய்வகத்தில் நீண்ட இரண்டு எஃகுத் தண்டுகளுக்கு நடுவே ஒரு சின்னத் துண்டை வைத்து, மூன்றாவது தண்டால் மோதவிட்டு, தண்டுகளில் ஓடும் அலையைப் பதிவு செய்கிறார்கள். மேலே சொன்ன அதே ஹாப்கின்சன் தொடங்கிவைத்த முறை இது. 1949-ல் கோல்ஸ்கி என்பவர் தண்டை இரண்டாகப் பிரித்து இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தார். ஒரு சோதனை நிகழும் நேரம் ஒரு மில்லிசெகண்டுக்கும் குறைவு. தயாரிப்புக்கு ஒரு நாள் முழுக்க ஆகிவிடும்.

தரமணியைக் கேட்டீர்கள். அங்குள்ள கட்டமைப்புப் பொறியியல் ஆராய்ச்சி மையத்தில் பல ஆண்டுகளாக நடந்துவரும் வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பின்னல் கம்பி கான்கிரீட். சாதாரணச் சுவரில் இரண்டு முகங்களிலும் கம்பி வலை இருக்கும், இரண்டுக்கும் உறவு குறைவு. பின்னல் முறையில் ஒரே நீளக் கம்பியை மேலும் கீழுமாக மடித்து, இரண்டு வலைகளையும் ஜடை பின்னுவது போலச் சேர்த்துவிடுகிறார்கள். சாதாரண கான்கிரீட் பலகை வளைந்து, அதைத் தாங்கும் ஓரத்தில் 2 டிகிரி திரும்பியதும் மேற்பரப்பு நசுங்கத் தொடங்கும். பின்னல் போட்டால், உள்ளே கான்கிரீட் பொடியானாலும் கூண்டு அதை விடாது. வெடிமருந்துக் கிடங்குகளுக்கான அமெரிக்கக் கையேடு இப்படிப்பட்ட பலகைக்கு 12 டிகிரி வரை அனுமதித்தது. அப்படி 12 டிகிரி வளைந்த சுவரை நேரில் பார்த்தால் இடிந்துவிட்டது என்றுதான் சொல்வீர்கள். ஆனால் பக்கத்து அறையில் இருக்கும் சரக்கு வெடிக்காமல் தடுக்கும் வேலையை அது செய்து முடித்திருக்கும். இதே யோசனையில் கம்பி வலைக்குப் பதில் இரண்டு பக்கமும் மெல்லிய எஃகுத் தகடு வைத்து நடுவே பின்னலும் கான்கிரீட்டும் நிரப்பும் முறையையும் அங்கே உருவாக்கியிருக்கிறார்கள். தகடு இருப்பதால் உட்புறம் பெயர்ந்து விழும் தொல்லையும் இல்லை.

இழை கலந்த அதிவலிமைக் கான்கிரீட் இன்னொரு வழி. அமுக்கு வலிமை 150 மெகாபாஸ்கல், அதாவது நம் வீட்டுக் கான்கிரீட்டைப் போல ஐந்து மடங்கு. ஆனால் அதைக் காப்பாற்றுவது அந்த எண் அல்ல, உள்ளே 2 சதவீதம் அளவுக்குக் கலக்கப்படும், தலைமுடி போன்ற எஃகு இழைகள்தான். விரிசல் விழுந்ததும் ஆயிரக்கணக்கான இழைகள் இரு கரையையும் பிடித்துக்கொண்டு மெல்ல மெல்ல உருவிக்கொண்டு வரும். ஒவ்வோர் உருவலிலும் ஆற்றல் செலவாகிறது. இழை இல்லாமல் அதே கான்கிரீட்டைப் போட்டால் நான் சொன்ன முதல் பலகையின் கதிதான்.

நொறுங்குவதற்கென்றே செய்யப்படும் பொருட்களும் உண்டு. உங்கள் பைக் ஹெல்மெட்டை உள்ளே பாருங்கள். மேல் ஓடு கெட்டியாக இருந்தாலும் மண்டையைக் காப்பது உள்ளிருக்கும் தெர்மோகோல். அது நசுங்கி ஆற்றலைத் தின்கிறது, அதனால்தான் ஒரு முறை நன்றாக அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடக் கூடாது என்கிறார்கள். வெடிப்புக்கு எதிரான பலகைகளில் தெர்மோகோலின் இடத்தில் அலுமினிய நுரையும் தேன்கூட்டுத் தகடும் இருக்கும். பெய்ரூட்டில் வெடிப்புக்கு நூறு மீட்டருக்குள் நின்ற தானியக் கிடங்கும் தெரியாமல் இதைத்தான் செய்தது. வெடிப்பை நோக்கிய உருளைகள் நொறுங்கின, நகரத்தை நோக்கிய வரிசை நின்றது, அதன் மறுபுறம் இருந்த பகுதிகளுக்குச் சேதம் குறைந்தது. தானியம் வைக்கக் கட்டியதை யாரும் கேடயமாக நினைத்துக் கட்டியிருக்க மாட்டார்கள்.

அப்படியானால் கடினமான பொருட்களுக்கு வேலையே இல்லையா? உண்டு, துண்டுக்கும் தோட்டாவுக்கும் எதிராக. 1914 செப்டம்பர் 22 இரவு எம்டன் கப்பல் நம் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டு எரித்தது, ஒரு குண்டு உயர்நீதிமன்றச் சுற்றுச்சுவரில் பட்டது. அந்த இடத்தில் இன்றும் கல்வெட்டு இருக்கிறது. ஓர் இடத்தில் குத்தும் பொருளை நிறுத்த, அதன் முனையை மழுக்கும் கடினம் வேண்டும். அலுமினா, போரான் கார்பைடு போன்ற பீங்கான்கள் அதற்குத்தான். வெடிப்பலை குத்துவதில்லை, முழு முகத்தையும் தள்ளுகிறது. அங்கே பீங்கானுக்குப் பெரிய பயன் இல்லை. ஆவடியில் உருவாகும் கவச வண்டிகளுக்கு இரண்டும் ஒரே நேரத்தில் வரும், அதனால்தான் கவசம் வடிவமைப்பது அவ்வளவு கஷ்டம்.

நம் ஊர் அடுக்குமாடிகளை நினைத்து நான் கவலைப்படுவது சுவரைப் பற்றியல்ல, கீழ்த்தளத் தூண்களைப் பற்றி. 1968 மே 16 அன்று லண்டனில் ரோனன் பாயின்ட் என்ற 22 மாடிக் கட்டடத்தின் 18-ஆம் மாடியில் சமையல் எரிவாயு கசிந்து வெடித்தது. ஒரு சுவர்ப் பலகைதான் வெளியே போனது. அதன்மேல் நின்றவை விழுந்து, அவற்றின் எடையில் கீழே இருந்தவையும் விழுந்து, ஒரு மூலை முழுக்கச் சரிந்தது. நால்வர் இறந்தார்கள். 1995-ல் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் 9 மாடி அரசு அலுவலகத்துக்கு வெளியே லாரி வெடித்தபோது 168 பேர் இறந்ததற்குப் பெரிய காரணம் கட்டடச் சரிவு. முகப்பில் நான்கு தூண்கள் தாங்கிய ஒரு பெரிய உத்தரத்தின்மேல் மற்ற தூண்கள் நின்றன. அடியில் சில தூண்கள் போனதும் மேலே இருந்த அனைத்தும் இறங்கிவிட்டது. நிலநடுக்கத்துக்குச் செய்யும் கம்பி ஒழுங்கு இருந்திருந்தால் சரிவு பெருமளவு குறைந்திருக்கும் என்று பிறகு ஆராய்ந்தவர்கள் கண்டார்கள்.

கார் நிறுத்தக் கீழ்த்தளத்தைச் சுவரே இல்லாமல் தூண்களில் நிறுத்துவது சென்னை முழுக்க வழக்கம். அந்தத் தூண்களின் ரிங், அதாவது நிமிர்ந்த கம்பிகளைச் சுற்றிக் கட்டும் வளையம், எவ்வளவு இடைவெளியில் இருக்கிறது என்பதும், ரிங்கின் கொக்கி உள்ளே மடிந்திருக்கிறதா என்பதும்தான் எனக்கு முதலில் கண்ணில் படும். 90 டிகிரியில் மடித்த கொக்கி, மேல்பூச்சுக் கான்கிரீட் உதிர்ந்ததும் திறந்துகொள்ளும். 135 டிகிரியில் உள்ளே மடித்தது பிடித்துக்கொண்டிருக்கும். 2002-லேயே சென்னையை நிலநடுக்கத்தின் மூன்றாம் மண்டலத்துக்கு உயர்த்திவிட்டார்கள், ஆகவே இது வெடிப்புக்காகத் தனியாகச் செய்யும் செலவும் அல்ல. வெடிப்புக்கென்றே ஐ.எஸ். 4991 என்ற தரநிலை 1968-லிருந்து இருக்கிறது. சாதாரண வீட்டுக்கு அது தேவையில்லை, ரிங் கொக்கி போதும்.

உங்கள் வீட்டுக்கு நான் செலவு சொல்வதானால் ஜன்னலுக்குச் சொல்வேன். பெரிய வெடிப்புகளில் தூரத்தில் இருப்பவர்களைக் காயப்படுத்துவது பெரும்பாலும் கண்ணாடிதான். காரின் முன்கண்ணாடி போல நடுவில் பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடி உடைந்தாலும் சட்டத்திலேயே தொங்கும். டஃபன்ட் கண்ணாடி வலுவானது, ஆனால் உடைந்தால் மொத்தமாகக் கொட்டிவிடும். இரண்டும் ஒன்று என்று கடைக்காரர் சொன்னால் நம்ப வேண்டாம். மாற்றப் பணம் இல்லையென்றால் கட்டிலை ஜன்னலுக்கு அடியிலிருந்து நகர்த்துங்கள்.

தூரத்தில் பெரிய தீயோ கண்ணைப் பறிக்கும் வெளிச்சமோ தெரிந்தால் ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்க்காதீர்கள், செல்போனில் படம் எடுக்காதீர்கள். வெளிச்சம் உடனே வரும், அலை கிலோமீட்டருக்குச் சுமார் 3 விநாடி எடுத்துக்கொள்ளும். பெய்ரூட்டில் முதல் புகையைப் பார்க்க ஜன்னலில் நின்ற பலர் அந்த இடைவெளியில்தான் அடிபட்டார்கள். 2013-ல் ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் வானில் விண்கல் வெடித்தபோதும் காயமடைந்த சுமார் 1,500 பேரில் மிகப் பலரைக் கிழித்தது கண்ணாடி. சுவர் மறைவில் தரையில் படுத்து, முகத்தை மூடி, குறைந்தது இரண்டு நிமிடம் காத்திருங்கள்.

மகளுக்கு: கணினியில் மாதிரி போட்டு வெடிப்பைக் கணக்கிடுவதை இப்போது எல்லாரும் கற்றுக்கொள்கிறார்கள், அவளும் கற்றுக்கொள்ளட்டும். அதற்கு முன் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு கம்பியை இழுத்து அறுபடும் வரை கூடவே நின்று பார்க்கச் சொல்லுங்கள். வலிமை எண் வந்த பிறகும் இயந்திரத்தை நிறுத்தாமல், கழுத்து மெலிந்து அறும் வரை வரும் வரைகோட்டின் கீழ்ப்பரப்பை அவளே கணக்கிடட்டும், கம்பி செலவழித்த ஆற்றலைச் சொல்வது அதுதான். பிறகு ஒரு விடுமுறையில் உங்கள் தெருவில் தூண் கம்பி கட்டும் இடத்துக்குப் போய், கம்பி கட்டுகிற அண்ணனிடம் கொக்கியை எப்படி மடிக்கிறார், ஏன் அப்படி என்று கேட்கட்டும். அவர் சொல்லும் பதிலை எனக்கும் எழுதி அனுப்பினால் மகிழ்வேன்.